இயற்கைச் சுற்றுலாவும் பூங்காத் திட்டமிடலும் மனநலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுக்கோ மலைக்கோ கடற்கரைக்கோ போய்த் திரும்பியவர்கள் மனப்பாரம் இறங்கிவிட்டது என்று சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். அந்தப் பாரம் எதனால் இறங்குகிறது, எத்தனை நாளில் மறுபடி ஏறிக்கொள்கிறது, பயணம் போக வாய்ப்பில்லாதவர்களுக்கு வீட்டருகே உள்ள பூங்கா அதே பயனைத் தருமா என்ற கேள்விகள் பயணிகளிடமிருந்தும், தங்கள் பகுதிக்குப் பூங்கா வேண்டுமென்று மனுக் கொடுப்பவர்களிடமிருந்தும், பூங்காக்களை வரைந்து அமைப்பவர்களிடமிருந்தும் தொடர்ந்து எழுகின்றன. அவற்றுக்கான விடைகள் கீழே உள்ளன.

இயற்கை மனத்துக்கு நல்லது என்பது வெறும் நம்பிக்கையா, ஆய்வில் தெளிவானதா?

நம்பிக்கையாகவே நெடுங்காலம் இருந்தது. அதை அளந்து காட்டிய முன்னோடி ஆய்வுகளுள் ஒன்றை ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் வெளியிட்டார். பென்சில்வேனியாவில் உள்ள ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட நோயாளிகளின் பதிவேடுகளை அவர் எடுத்துப் பார்த்தார். வயது, பாலினம் முதலியவற்றில் ஒத்திருந்த 23 இணைகளைத் தேர்ந்தார். ஒவ்வோர் இணையிலும் ஒருவருடைய சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன, மற்றவருடைய சன்னலுக்கு வெளியே செங்கல் சுவர் மட்டுமே தெரிந்தது. மரங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்கள் சராசரியாக 7.96 நாளிலும், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 8.70 நாளிலும் வீடு திரும்பினர். முன்னவர்களுக்குக் கடுமையான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன.

46 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான் இது. ஆனாலும் அது திறந்த வழியில் உளவியலாளர்களும் பொதுச் சுகாதார ஆய்வாளர்களும் நகரத் திட்டமிடுவோரும் பல்லாயிரம் பேரை உட்படுத்திய ஆய்வுகளைச் செய்து முடித்திருக்கிறார்கள். எல்லா ஆய்வுகளும் ஒரே வலிமை கொண்டவை அல்ல. பசுமையான பகுதியில் வாழ்பவர்கள் வசதி மிக்கவர்களாகவும் இருப்பதால் எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிவது கடினமாக இருக்கும் இடங்களும் உண்டு. இருப்பினும், வேறுவேறு நாடுகளில் வேறுவேறு முறைகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டும்போது, அந்தத் திசையை நம்பிச் செயல்படலாம் என்பதே என் முடிவு.

இயற்கைச் சூழலில் இருக்கும்போது மனத்துக்குள் என்னதான் நிகழ்கிறது?

இதற்கு ஒரே விடை கிடையாது. ஒன்றோடொன்று பின்னிய மூன்று விளக்கங்கள் உள்ளன.

ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற உளவியலாளர் இணையர் கவனத்தை வைத்து விளக்கினர். கணக்குப் பார்ப்பது, வண்டி ஓட்டுவது, திரையில் வரும் செய்திகளுக்கு மறுமொழி அனுப்புவது ஆகிய எல்லாவற்றுக்கும் நாம் முயன்று செலுத்தும் கவனம் வேண்டும். வேண்டாதவற்றை ஒதுக்கித் தள்ளும் உழைப்பும் அதில் அடங்கியிருப்பதால் அது களைத்துப்போகும். களைத்த கவனம் எரிச்சலாகவும், மறதியாகவும், எதையும் தொடங்க முடியாத தளர்ச்சியாகவும் வெளிப்படும். காற்றில் அசையும் இலை, கல்லில் வழுக்கிச் செல்லும் நீர், மேகத்தின் நகர்வு முதலியவை நம் கவனத்தை மென்மையாக ஈர்க்கின்றன. அவற்றைப் பார்க்க முயற்சி எதுவும் வேண்டியதில்லை. அந்த நேரத்தில் முயன்று செலுத்தும் கவனம் ஓய்வெடுத்துக்கொள்கிறது. தொலைக்காட்சியும் கவனத்தை ஈர்க்கத்தான் செய்கிறது, ஆனால் அது முழுவதையும் பிடுங்கிக்கொள்கிறது. மனம் தன் போக்கில் உலவுவதற்கு இடம் விடுவதில்லை.

உல்ரிச்சின் விளக்கம் உடலிலிருந்து தொடங்குகிறது. மரமும் நீரும் திறந்த வெளியும் அபாயமற்ற இடத்தின் அடையாளங்களாக நம் உடலுக்குப் பதிந்திருக்கின்றன என்றும், அவற்றைக் கண்டதும் சிந்தனைக்கு முன்னரே இதயத் துடிப்பும் தசை இறுக்கமும் தணியத் தொடங்குகின்றன என்றும் அவர் கருதினார். அச்சமூட்டும் படம் ஒன்றைப் பார்த்தவர்களுக்கு அடுத்து இயற்கைக் காட்சிகளைக் காட்டியபோது, நகரத் தெருக் காட்சிகளைப் பார்த்தவர்களைவிட அவர்கள் விரைவில் இயல்புநிலைக்கு வந்ததை அவரும் சக ஆய்வாளர்களும் 1991இல் காட்டினர்.

மூன்றாவது, மனம் ஒன்றையே திரும்பத் திரும்ப அசைபோடுவது பற்றியது. நடந்துபோன தவறையும் வரப்போகும் தோல்வியையும் விடாமல் அரைத்துக்கொண்டிருப்பது மனச்சோர்வுக்கு வழிவகுக்கும் பழக்கங்களுள் முதன்மையானது. கிரெகரி பிராட்மன் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 38 பேர் 90 நிமிடம் தனியாக நடந்தனர். ஒரு பகுதியினர் மரங்கள் நிறைந்த புல்வெளிப் பகுதியிலும், மற்றவர்கள் போக்குவரத்து மிகுந்த சாலையோரத்திலும் நடந்தனர். இயற்கைச் சூழலில் நடந்தவர்களிடம் இந்த அசைபோடும் போக்கு குறைந்தது; அதோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயல்பாடும் குறைந்திருந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை.

பயன் தருவது நடையா, இயற்கையா? உடற்பயிற்சி எங்கே செய்தாலும் நல்லதுதானே?

உடற்பயிற்சிக்குத் தனிப் பயன் உண்டு, ஐயமில்லை. ஆனால் மேலே சொன்ன ஆய்வில் இரு பிரிவினரும் ஒரே அளவு நேரம் நடந்தவர்களே என்பதைக் கவனிக்க வேண்டும். மார்க் பெர்மன் குழுவினர் 2008இல் மிச்சிகனில் செய்த ஆய்வும் இதையே காட்டுகிறது: மரப்பூங்காவில் சுமார் 50 நிமிடம் நடந்து வந்தவர்கள், எண்களைக் கேட்டு அவற்றைத் தலைகீழ் வரிசையில் திருப்பிச் சொல்லும் சோதனையில் முன்பைவிடத் தெளிவாக முன்னேறினர், நகரத் தெருக்களில் நடந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. கடுங்குளிர் மாதத்தில் நடந்தவர்கள் அந்த நடையை அவ்வளவாக விரும்பவில்லை; ஆயினும் அவர்களுடைய கவனமும் அதே அளவு மேம்பட்டிருந்தது. இன்பமாக உணர்ந்தால்தான் பயன் உண்டு என்ற கட்டாயமில்லை என்பது எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் செய்தி, ஏனெனில் மனம் சோர்ந்தவர்களுக்கு எதிலுமே இன்பம் தோன்றுவதில்லை.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் தேவை?

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் தரவுகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமோ அதற்கு மேலோ இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலத்தையும் மனநிறைவையும் உயர்வாக மதிப்பிட்டனர் என்று கண்டது. ஒரே நாளில் இரண்டு மணி நேரமாகப் போனாலும், பல நாள்களில் பிரித்துப் போனாலும் வேறுபாடு இல்லை. 200 முதல் 300 நிமிடத்துக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. ஒரே தடவையில் எவ்வளவு என்று கேட்டால், உமிழ்நீரில் உள்ள கார்டிசால் என்ற அழுத்தச் சுரப்பை அளந்த மற்றொரு ஆய்வில், 20 முதல் 30 நிமிடத்துக்குள் அது மிக வேகமாகக் குறைந்தது. இவை மருந்துச் சீட்டைப் போலக் கறாராகப் பின்பற்ற வேண்டிய எண்கள் அல்ல. தொடங்குவதற்கு ஒரு பிடிமானம், அவ்வளவே.

அப்படியானால் ஆண்டுக்கு ஒரு நீண்ட இயற்கைச் சுற்றுலா போய்வந்தால் போதாதா?

போதாது. நெதர்லாந்தில் 54 ஊழியர்களின் நீண்ட விடுமுறையைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய நலவுணர்வு விரைவாக உயர்ந்து எட்டாம் நாளை ஒட்டி உச்சத்தைத் தொட்டது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள்ளேயே பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. விடுமுறை நீண்டதாக இருந்தும் அதன் பயன் நீண்ட நாள் நிற்கவில்லை.

இதனால் பயணம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அன்றாடத்திலிருந்து முழுமையாக விலகியிருப்பது, அடிவானம் வரை தடையின்றிப் பார்ப்பது, விளக்கொளி கலவாத இரவு வானத்தின் கீழ் நிற்பது, தன்னைவிடப் பெரிய ஒன்றின் முன் நிற்கும்போது எழும் வியப்பு ஆகியவற்றை வீட்டருகே உள்ள பூங்காவால் தர முடியாது. துயரத்திலோ குழப்பத்திலோ சிக்கியவர்களுக்குப் புதிதாக ஒரு முடிவெடுக்கும் துணிவைப் பயணம் தரக்கூடும். உலகெங்கும் உள்ள பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளுக்கு வருவோரின் மனநலம் மேம்படுவதால் விளையும் பொருளாதார மதிப்பு ஆண்டுக்கு சுமார் 6 லட்சம் கோடி அமெரிக்க டாலர் என்று 2019இல் ஓர் ஆய்வுக் குழு மதிப்பிட்டது. அது மதிப்பீடுதான் என்றாலும், காடுகளைக் காப்பது செலவு என்றே பேசிவருபவர்கள் நின்று யோசிக்க வேண்டிய எண்.

பயணத்தின் மிகப் பெரிய பயன், அது உண்டாக்கும் பழக்கத்தில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். மலைப்பாதையில் ஒரு பறவையின் குரலை அடையாளம் காணக் கற்றவர், வீடு திரும்பிய பிறகு தெருமுனை மரத்திலும் நின்று கேட்கத் தொடங்குகிறார். அப்போது அந்த ஒரு வாரத்தின் பயன் ஆண்டு முழுவதும் கிளைக்கிறது.

மனநலத்துக்கு உகந்த பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

குறைவான இடங்களைத் தேர்ந்து, ஒவ்வோர் இடத்திலும் அதிக நேரம் தங்குவதே முதல் விதி. ஐந்து நாளில் ஒன்பது அருவிகளைப் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுபவர் அலுவலகத்தின் அவசரத்தையே இடம் மாற்றிக்கொண்டு போகிறார். ஒரே பாதையில் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் நடந்து பாருங்கள்; ஒளியும் ஒலியும் மாறியிருப்பதை மனம் தானாகவே கவனிக்கும். கைப்பேசியைத் துறக்க வேண்டியதில்லை, ஆனால் அழைப்புகளையும் அறிவிப்புகளையும் குறிப்பிட்ட நேரத்துக்கு நிறுத்தி வைப்பது நல்லது. கூட்டம் மிகுந்த மாதங்களைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கவும். திரும்பிய மறுநாளே வேலையில் சேராமல் ஒரு நாளையாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் வனத்துறை 1982இல் ‘ஷின்ரின்-யோகு’ என்ற சொல்லை அறிமுகப்படுத்தியது. வனக்குளியல் என்பது அதன் பொருள். இலக்கு எதுவும் வைக்காமல், காட்டின் மணத்தையும் ஓசையையும் குளிர்ச்சியையும் ஐம்புலன்களாலும் உள்வாங்கியபடி மெல்ல நடப்பதுதான் அது. சிகரத்தை எட்டும் மலையேற்றத்தைவிடக் களைத்த மனத்துக்கு இந்த மெல்லிய நடையே பொருத்தமானது.

மனநலச் சிகிச்சைக்குப் பதிலாக இயற்கையை நாடலாமா?

கூடாது. மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, மனச்சிதைவு போன்றவை மருத்துவம் தேவைப்படும் நிலைகள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவர் காட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது; அவருக்கு உடனடியாக ஒரு மனிதரின் துணையும் மருத்துவரின் உதவியும் தேவை. மாத்திரையை நிறுத்திவிட்டு மலைக்குப் போனால் சரியாகிவிடும் என்று அறிவுரை சொல்லும் உறவினர்கள் நல்லெண்ணத்தோடு பெருந்தீங்கு செய்கிறார்கள்.

சிகிச்சையோடு சேர்ந்த துணையாக இயற்கையை மருத்துவர்களே பரிந்துரைக்கும் வழக்கம் வளர்ந்துவருகிறது. கனடாவில் 2020இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்கீழ் மருத்துவர்கள் இயற்கைச் சூழலில் நேரம் கழிக்கும்படி சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். 2022 முதல் தேசியப் பூங்காக்களுக்கான நுழைவு அட்டையையும் அவர்களால் வழங்க முடிகிறது. மருத்துவர் கையெழுத்திட்ட தாள் ஒன்று கையில் இருப்பது, தன்னை ஓய்வெடுக்க அனுமதித்துக்கொள்ளாத பலருக்குப் பெரிய விடுதலையாக அமைகிறது.

பூங்காவை மனநலத்துக்காக அமைக்கும் எண்ணம் புதியதா?

இல்லை. தொழில் நகரங்கள் புகையால் மூச்சுத் திணறிய 19ஆம் நூற்றாண்டிலேயே அது தோன்றிவிட்டது. இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் நகரில் மக்கள் வரிப்பணத்தில் அமைந்த பொதுப் பூங்கா 1847இல் திறக்கப்பட்டது. 1850இல் அங்கே போன அமெரிக்கரான பிரெடரிக் லா ஓம்ஸ்டெட், செல்வந்தரும் ஏழையரும் ஒரே புல்வெளியில் உலவுவதைக் கண்டு வியந்தார். பின்னர் அவரும் கால்வர்ட் வாக்சும் சேர்ந்து 1858இல் நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவுக்கான வரைவுப் போட்டியில் வென்றனர். பூங்காவைக் குறுக்கே கடக்க வேண்டிய நான்கு சாலைகளையும் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக இறக்கி அமைத்தது அந்த வரைவின் மிகச் சிறந்த கூறு. வண்டிகள் கண்ணுக்குத் தெரியாமல், ஓசையும் பெருமளவு கேட்காமல் கடந்து போயின. இன்றைக்கும் ஒரு பூங்காவின் வரைபடத்தைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்: உள்ளே நிற்பவரிடமிருந்து சாலை எவ்வாறு மறைக்கப்பட்டிருக்கிறது?

புல்வெளி போதுமா, மரங்கள் வேண்டுமா?

மரங்கள் வேண்டும். ஆஸ்திரேலியாவில் 45 வயதைக் கடந்த 46,000க்கும் மேற்பட்ட நகரவாசிகளைச் சராசரியாக ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், வீட்டைச் சுற்றியுள்ள பரப்பில் 30 விழுக்காடோ அதற்கு மேலோ மரநிழல் இருந்த இடங்களில் வாழ்ந்தவர்களுக்குப் புதிதாக உளத்துயர் ஏற்படும் வாய்ப்பு 31 விழுக்காடு குறைவாக இருந்தது. வெறும் புல்பரப்புக்கு அப்படிப்பட்ட பயன் காணப்படவில்லை. காரணங்களை ஊகிப்பது கடினமில்லை. மரம் வெயிலைத் தடுக்கிறது, இரைச்சலை மறைக்கிறது, பறவைகளைக் கொண்டுவருகிறது, பருவத்துக்குப் பருவம் மாறிக் காட்டுகிறது. பரந்த புல்வெளி வெயில் நேரத்தில் யாரும் நிற்க முடியாத இடம். வேலி போட்டு ‘நுழையாதீர்’ என்று பலகையும் வைத்துவிட்டால் அது பூங்காவே அல்ல.

எத்தனை வகை உயிரினங்கள் இருக்க வேண்டும் என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 2007இல் வெளியான ஆய்வில், செடிகொடி வகைகள் மிகுந்த பூங்காக்களில் மனப்பயன் மிகுந்திருந்தது. அதே நகரில் 2012இல் வெளியான மற்றோர் ஆய்வோ, உண்மையில் எத்தனை வகை இருக்கின்றன என்பதைவிட, எத்தனை இருப்பதாக வருவோர் உணர்கிறார்கள் என்பதே அவர்களுடைய மனநிறைவோடு இணைந்திருப்பதைக் கண்டது. ஆகவே பல்லுயிர்களைப் பெருக்குவதோடு நில்லாமல் அவற்றைக் கண்டுகொள்ள மக்களுக்கு உதவவும் வேண்டும். மரங்களுக்குப் பெயர்ப் பலகை வைப்பது மிகச் சிறிய செலவில் முடியும் வேலை.

வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் பூங்கா இருக்க வேண்டும்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம், குறைந்தது அரை முதல் ஒரு ஹெக்டேர் பரப்புள்ள பசுமை இடம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 300 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று வழிகாட்டியிருக்கிறது. நகர வனவியல் அறிஞர் செசில் கொனைனெண்டைக் 2021இல் முன்வைத்த 3-30-300 விதி மனத்தில் நிற்கும்படி எளிமையானது: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 3 மரங்களாவது தெரிய வேண்டும், ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலும் 30 விழுக்காடு மரநிழல் இருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் பூங்கா இருக்க வேண்டும்.

இந்த 300 மீட்டரை வரைபடத்தில் நேர்க்கோடாக அளப்பது பெரும் பிழை. பூங்காவின் மதிலை ஒட்டியே வீடு இருந்தும், வாயில் மறுபக்கத்தில் இருந்தால் முக்கால் கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டியிருக்கும். நடுவே கடக்க முடியாத பெருஞ்சாலை ஒன்று இருந்தால் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அந்தப் பூங்கா இல்லாததற்குச் சமம். புதிய பூங்கா கட்டப் பணமில்லாத நகரங்கள், இருக்கும் பூங்காவில் இன்னும் இரண்டு வாயில்களைத் திறந்தாலே பல நூறு வீடுகளை அருகில் கொண்டுவந்துவிடலாம்.

ஒரு பெரிய பூங்காவா, சிறியவை பலவா?

இரண்டும் வேண்டும், ஆனால் பணம் குறைவாக இருந்தால் சிறியவற்றிலிருந்து தொடங்குங்கள் என்பேன். இதற்கு மிக வலுவான சான்று பிலடெல்பியாவில் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு. அங்கே குப்பை மண்டிக் கைவிடப்பட்ட 541 காலிமனைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தனர். ஒரு பகுதியில் குப்பையை அகற்றி, மண்ணைச் சமன்படுத்தி, புல்லும் சில மரங்களும் நட்டு, தாழ்வான மரவேலி போட்டனர். இன்னொரு பகுதியில் குப்பையை மட்டும் அகற்றினர். மூன்றாவதை அப்படியே விட்டனர். பசுமையாக்கிய மனைகளின் அருகே வாழ்ந்தவர்களிடம் மனம் சோர்ந்திருப்பதாகச் சொல்வது, அப்படியே விடப்பட்ட மனைகளின் அருகே வாழ்ந்தவர்களோடு ஒப்பிடுகையில், 41.5 விழுக்காடு குறைந்தது. வறுமை மிகுந்த பகுதிகளில் 68.7 விழுக்காடு குறைந்தது. குப்பையை மட்டும் அகற்றிய இடங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

முந்தைய விடை ஒன்றில் புல்லைக் குறைத்துச் சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். அங்கே மாறியது நிலப்பரப்பு மட்டுமல்ல என்றே நான் புரிந்துகொள்கிறேன். தங்கள் தெருவை யாரோ பொருட்படுத்தி வந்து சீர்செய்தார்கள் என்ற உணர்வும், ஒவ்வொரு நாளும் கடந்து செல்ல வேண்டிய ஓர் அச்சம் அகன்றதும் அந்த மாற்றத்தில் கலந்திருக்க வேண்டும்.

பூங்கா இருந்தும் பெண்களும் முதியவர்களும் ஊனமுற்றோரும் ஏன் குறைவாக வருகிறார்கள்?

அவர்களை மனத்தில் வைத்து அது அமைக்கப்படவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். வியன்னாவில் 1990களில் நடந்த ஆய்வு, ஒன்பது வயதைத் தாண்டிய சிறுமிகள் பூங்காக்களிலிருந்து மறையத் தொடங்குவதையும் சிறுவர்கள் அப்படி மறையாததையும் கண்டது. வேலியிட்ட ஒரே பெரிய ஆடுகளத்தைச் சிறுவர்கள் பிடித்துக்கொண்டபோது சிறுமிகள் போட்டியிடாமல் விலகிப்போனார்கள். 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தனர்: ஆடுகளத்துக்குக் கூடுதல் வாயில்கள் வைத்தனர், பெரிய களத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்தனர், வேறு விளையாட்டுகளுக்கும் இடம் ஒதுக்கினர், நடைபாதைகளில் விளக்குகளைக் கூட்டினர். சிறுமிகள் திரும்பி வந்தனர். யாரையும் விரட்டாமல், யாருக்கும் தடை போடாமல், வரைபடத்தை மாற்றியே இதைச் சாதித்தார்கள் என்பது என்னை மிகவும் நெகிழச் செய்கிறது.

முதியவர்களுக்கு அடிக்கடி இருக்கைகள் வேண்டும். சாய்மானமும் கைப்பிடியும் இல்லாத கல்திண்ணையில் உட்கார்ந்தால் முழங்கால் வலியோடு எழுந்திருக்க முடியாது. சுத்தமான கழிப்பறை இல்லாத பூங்காவுக்குப் பெண்களும், சர்க்கரை நோயாளிகளும், சிறு குழந்தைகளோடு வருபவர்களும் நீண்ட நேரம் வரமாட்டார்கள். சக்கர நாற்காலி செல்லும் பாதை வாயிலோடு நின்றுவிடாமல் நீர்க்கரை வரையும் மரத்தடி வரையும் போக வேண்டும். பெண்கள், குழந்தைகள், முதியோர், ஊனமுற்றோர் ஆகியோரைத் தனியே குறிப்பிட்டு, 2030க்குள் எல்லோருக்கும் பாதுகாப்பான பசுமைப் பொதுவெளி கிடைக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அவையின் நிலைத்த வளர்ச்சி இலக்கு 11.7 சொல்கிறது.

நீர்நிலை இருந்தால் கூடுதல் பயனா?

ஆம். நீரின் ஓசை போக்குவரத்து இரைச்சலை மறைக்கிறது, அதன் அசைவு கண்ணை இளைப்பாற்றுகிறது. சிங்கப்பூரின் பிஷான்-ஆங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள சிமென்ட் வாய்க்காலை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். வெள்ளக் காலத்தில் பெருக்கைத் தாங்கும் கரைகளே மற்ற நாள்களில் மக்கள் உலவும் இடங்களாகின்றன. ஆனால் சாக்கடை கலக்கும் குளத்தின் கரையில் யாருக்கும் அமைதி கிடைக்காது. நீரின் தூய்மையைச் சரிசெய்த பிறகே கரையை அழகுபடுத்த வேண்டும்.

குழந்தைகளுக்கு இதன் பயன் எவ்வளவு?

டென்மார்க்கில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, மிகக் குறைந்த பசுமையின் நடுவே குழந்தைப் பருவத்தைக் கழித்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனநலக் கோளாறு வரும் வாய்ப்பு 55 விழுக்காடு வரை அதிகமாக இருந்ததைக் கண்டது. குடும்ப வருமானம், பெற்றோரின் மனநல வரலாறு முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்தத் தொடர்பு நிலைத்தது. குழந்தைகளுக்கான பகுதி என்றாலே ரப்பர்த் தரையும் வண்ண நெகிழிச் சறுக்குமரமும்தான் என்று திட்டமிடுபவர்கள், தோண்டுவதற்கு மண்ணையும் ஏறுவதற்கு விழுந்த மரத்தையும் விட்டுவைக்க வேண்டும்.

பூங்கா வந்ததும் வாடகை உயர்ந்து ஏழைகள் வெளியேற நேர்கிறதே?

இது உண்மையான ஆபத்து. நியூயார்க்கில் கைவிடப்பட்ட உயர்மட்ட ரயில்பாதையைப் பூங்காவாக்கி 2009இல் திறந்த பிறகு, அதைச் சுற்றிய நிலமதிப்பு கடுமையாக உயர்ந்தது. யாருடைய மனநலத்துக்காகப் பசுமை கொண்டுவரப்படுகிறதோ அவர்களே வீட்டை இழந்தால், அந்த இழப்பின் துயரத்தை எந்த மரமும் ஈடுசெய்யாது. வாடகைப் பாதுகாப்பையும் குறைந்த விலை வீடுகளையும் பூங்காத் திட்டத்தோடு சேர்த்தே முடிவுசெய்ய வேண்டும். பூங்காவைத் திறந்த பிறகு யோசித்தால் காலம் கடந்திருக்கும். ஒரே இடத்தில் பெரும் காட்சிப் பூங்காவாகக் கட்டாமல், தேவையுள்ள பகுதிகள் எங்கும் எளிய பூங்காக்களைப் பரப்புவதும் இந்த அழுத்தத்தைத் தணிக்கும்.

சுற்றுலாப் பயணிகள் பெருகினால் இயற்கையும் அங்கே வாழும் மக்களும் என்ன ஆவார்கள்?

தாய்லாந்தின் மாயா விரிகுடாவுக்கு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 5,000 பேர் வந்தார்கள். படகு நங்கூரங்களாலும் மனிதக் கால்களாலும் பவளப்பாறைகள் சிதைந்ததால் 2018 ஜூன் மாதம் அதை மூடினார்கள். மீண்டும் 2022 ஜனவரியில் திறந்தபோது, படகுகள் விரிகுடாவுக்குள் நுழைவதைத் தடுத்து, ஒரே நேரத்தில் உள்ளே இருப்போரின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். மூடியிருந்த காலத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் அந்த ஆழமற்ற நீருக்குத் திரும்பி வந்திருந்தன.

வரம்பு வைப்பது வருவோருக்கும் நன்மையே. நெரிசலில் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்புபவருக்குக் கவனத்தின் ஓய்வு கிடைப்பதில்லை. காட்டை ஒட்டி வாழும் மக்களின் மனநலத்தைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது என்பது என் ஆதங்கம். நகரத்தாரின் நிம்மதிக்காக அவர்களுடைய வழித்தடங்களும் நீரும் பறிபோனால் அந்தச் சுற்றுலாவை மனநலச் சுற்றுலா என்று அழைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. வரும் வருவாயில் பங்கும், எத்தனை பேரை அனுமதிப்பது என்ற முடிவில் குரலும் அவர்களுக்கு இருக்க வேண்டும்.

வீட்டைவிட்டு வெளியே செல்ல முடியாதவர்கள் என்ன செய்யலாம்?

உல்ரிச் ஆராய்ந்த நோயாளிகளும் சன்னல் வழியாகத்தான் மரங்களைப் பார்த்தார்கள். கட்டிலைச் சன்னலை நோக்கித் திருப்பிப் போடுவது, கைக்கெட்டும் இடத்தில் ஒரு செடியை வைத்து நீர் ஊற்றச் செய்வது, பறவை ஒலியைக் கேட்கச் செய்வது ஆகியவை சிறிய அளவிலாவது உதவும். படங்களும் ஒலிப்பதிவுகளும் நேரில் செல்வதற்கு ஈடாகா, ஆனால் ஒன்றுமில்லாததைவிட மேலானவை. மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் கட்டுபவர்கள் சன்னலின் விளிம்பை, படுத்திருப்பவரின் கண்மட்டத்துக்கு ஏற்பத் தாழ்வாக அமைக்க வேண்டும்.

ஒரு பூங்கா மனநலத்துக்கு உதவுகிறதா என்பதைத் திட்டமிடுபவர் எப்படி அறிவது?

வாயிலில் தலைகளை எண்ணுவதால் அறிய முடியாது. எவ்வளவு நேரம் தங்குகிறார்கள், தனியாக வந்த பெண் அச்சமின்றி உட்கார்ந்து படிக்கிறாரா, அதே முகங்கள் வாரந்தோறும் திரும்பி வருகின்றனவா, எந்த இருக்கைகள் எப்போதும் காலியாகக் கிடக்கின்றன, எந்த நேரத்துக்குப் பின் யார் வருவதை நிறுத்துகிறார்கள் என்பவற்றைப் பருவத்துக்கு ஒரு முறையாவது உட்கார்ந்து கவனித்து எழுதி வைக்க வேண்டும். மக்கள் தாங்களாகவே புல்லில் நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதைகளை அழிக்காமல் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். போட்ட பாதை எங்கே தவறியது என்பதை அவை காட்டும்.

திறப்பு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியையாவது பராமரிப்புக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். எரியாத விளக்கும் பூட்டிய கழிப்பறையும் உடைந்த இருக்கையும் ஒரே ஆண்டில் ஒரு நல்ல பூங்காவை அச்சுறுத்தும் இடமாக்கிவிடும். கணக்கெடுப்புத் தாளோடு போகும்போது, அங்கே நாள் முழுவதும் இருக்கும் தோட்டப் பணியாளரிடம் முதலில் பேசுங்கள். யார் அழுதுகொண்டு வந்து எந்த மரத்தடியில் உட்கார்கிறார்கள், எவ்வளவு நேரம் கழித்து எழுந்து போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.